புதுப்பிப்பு: கருவேலந்தழை தின்று தீனி குறைத்த செம்மறிகள்

வேறு பசுந்தீவனம் இல்லாமல் கருவேலந்தழையை மட்டும் போட்டேன், செம்மறிகள் தீனியைக் குறைத்துவிட்டன, புழுக்கை கல்லாய் இறுகியது, வெள்ளாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது தேறிவிட்டன.

காரணம் தழையின் துவர்ப்பு, அதாவது டானின். முதல் வயிற்றில் அது புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில்தான் பிடி தளர்ந்து, புரதம் குடலில் செரிக்கிறது. அதனால் அளவோடு இருந்தால் நல்லதுதான். மொத்தத் தீனியின் உலர் எடையில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் பொதுவாகத் தாங்கும். 5, 6-ஐத் தாண்டினால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளே முடங்கும். தழையை மட்டும் போட்டது என் தவறு.

வெள்ளாடு தழை தின்றே பழகியது. அகேசியா (கருவேலத்தின் இன மரம்) மேய்ந்த வெள்ளாடுகளின் முதல் வயிற்றில் டானினைத் தாங்கும் பாக்டீரியாவையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தழையைக் கால்வாசியாகக் குறைத்து, வாடவைத்து, புல்லோடு கலந்தேன். நான்காம் நாள் மாலை கிழட்டுப் பெட்டை ஒன்று படுத்தபடி அசைபோட்டது. கழுத்தில் உருண்டை மேலேறுவதைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. புழுக்கையும் இளகிவிட்டது.

குடற்புழு மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். டானின் புழுக்களை ஓரளவு அடக்கும், அவ்வளவே. ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உட்புறம் வெளுத்திருந்தால் புழுவால் இரத்தம் குறைந்திருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.