சிங்கப்பூரிலிருந்து கெடா வரை ஒரு வாரக் கார்ப் பயணம்: இன்றிரவே முடிவு செய்ய வேண்டும், உதவுங்கள்

புங்கோல்வாசி, இரவு 7:40
வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்கா நீரிணைக் கரையை ஒட்டியே காரில் வடக்கே போக நினைக்கிறோம். மூவார், மலாக்கா, போர்ட் டிக்சன், கிள்ளான், கோலசிலாங்கூர், பங்கோர், தைப்பிங், பினாங்கு, கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. ஒரு வாரம். வரைபடத்தில் பார்த்தால் ஓட்டும் நேரம் அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் விடுதி பதிவு செய்ய உட்கார்ந்தால் ஏதாவது ஓர் ஊர் இடிக்கிறது. எங்கே எத்தனை இரவு தங்கலாம்? விரைவுச்சாலையா, பழைய கரையோரச் சாலையா? விடுதிச் சலுகை நள்ளிரவோடு முடிகிறது. தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் மலர், 7:52
எந்த விடுமுறை, ஜூனா ஆண்டிறுதியா? சொந்தக் காரா, வாடகையா? எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது? ஒரு வாரம் என்றால் ஆறு இரவா, ஏழு இரவா? இவை தெரியாமல் யாரும் ஊர் பிரித்துத் தர முடியாது.

துவாஸ்வழி, 7:58
யார் காராக இருந்தாலும் உட்லண்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். விடுமுறை தொடங்கும் வெள்ளி மாலையும் சனி காலையும் கடற்பாலத்தில் நின்றே நாள் போய்விடும். துவாஸ் இரண்டாம் இணைப்பை விடியுமுன் கடந்துவிடுங்கள். கரையோரச் சாலைக்கும் அதுவே வசதி. பொந்தியான் போய் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் பத்து பகாட், மூவார், மலாக்கா என்று வரிசையாக வரும்.

பறவைப்பார்வை, 8:05
காரில் ஏன் போக வேண்டும்? சாங்கியிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பினாங்கு, கெடா, தைப்பிங் மட்டும் நிதானமாகப் பாருங்கள். எழுநூறு கிலோமீட்டருக்குமேல் ஓட்டிப் போய், அதே தூரம் திரும்பியும் வருவதற்குப் பெயர் சுற்றுலா அல்ல.

மூத்த ஓட்டுநர், 8:11
ஒவ்வொரு விடுமுறைக்கும் இதே கேள்வி. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பதிவெண் காரில் முக்கால் தொட்டிக்குக் குறையாமல் பெட்ரோல் இருந்தால்தான் இங்கிருந்து வெளியே விடுவார்கள். குறைந்திருந்தால் அபராதம் 500 வெள்ளி வரை போகும். அங்கே போய் ரோன் 95 போடலாம் என்று நினைக்க வேண்டாம், வெளிநாட்டுப் பதிவெண்ணுக்கு அது கிடையாது. ரோன் 97தான். வாகன நுழைவு அனுமதியின் வில்லை ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணத்துக்கான டச் அன் கோ அட்டையில் பணம் இருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாதவர் பூஜாங் பள்ளத்தாக்கு வரை திட்டம் போடுவது சரியல்ல.

தெம்பனிஸ் மலர், 8:16
ஐயா, தெரியாததால்தான் கேட்கிறார். நீங்கள் சொன்ன விவரங்கள் நல்லவை. அவற்றைக் கடிந்துகொள்ளாமலும் சொல்லலாம்.

புங்கோல்வாசி, 8:34
ஆண்டிறுதி விடுமுறை. சனிக்கிழமை கிளம்பி அடுத்த சனிக்கிழமை திரும்புகிறோம், ஏழு இரவு. வாடகைக் கார். நான், மனைவி, எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. கடாரத்தை, அதாவது பழைய கெடாவைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அதனால் விமானம், குறுக்குவழி எதுவும் வேண்டாம். சாலையில் போவதே அவருக்குப் பிடிக்கும்.

ஜூரோங் கணக்கர், 8:41
ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என்றால் இந்தியக் கடப்பிதழ்தானே? ஊர்ப் பட்டியலை அப்படியே வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று அதிகாரபூர்வ இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை, அம்மாவுக்குத் தேவை.

இதைவிட முக்கியம் திரும்பி வருவது. அம்மாவின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா? ஒருமுறைக்கானது என்றால் மலேசியாவுக்குள் கால் வைத்ததுமே அது தீர்ந்தது. துவாஸ் சோதனைச்சாவடியில் முட்டி வலிக்காரரை உட்கார வைத்துக்கொண்டு வாதாட வேண்டிவரும்.

அடுத்து, வாடகைக் காரை மலேசியாவுக்குக் கொண்டுபோக நிறுவனம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். நுழைவு அனுமதியும் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். காப்புறுதி அங்கே செல்லுமா என்பதையும் கேளுங்கள். ஆண்டிறுதியில் இப்படிப்பட்ட கார்கள் விரைவில் தீர்ந்துவிடும். விடுதிக்கு முன்னால் கார்.

தெம்பனிஸ் மலர், 9:03
கணக்கர் சொன்னதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள். ஒன்பது ஊர், ஏழு இரவு என்பது நடக்காது. தினமும் பெட்டி கட்டினால் அம்மாவின் முட்டியும் பிள்ளைகளின் பொறுமையும் மூன்றாம் நாளே போய்விடும். போர்ட் டிக்சன், கிள்ளான், பங்கோர் மூன்றையும் விடுங்கள். பங்கோருக்குக் காரை லூமுட்டில் நிறுத்திவிட்டுப் படகில் போக வேண்டும், அதற்கே ஒரு நாள் போகும்.

மலாக்கா இரண்டு இரவு. சனி மாலை போய்ச் சேர்ந்தால் ஜோங்கர் இரவுச் சந்தை கிடைக்கும், அது வெள்ளி முதல் ஞாயிறு வரைதான். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் துக்காங் எமாஸ் தெருவில் நடங்கள். 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், சில அடி தள்ளி 1748ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்துச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில், எல்லாம் ஒரே வரிசையில். அந்தப் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூரை, பக்கத்தில் சீனக் கோபுரம் போல மேலே போகப் போகச் சிறுக்கும் மினாரா. பிள்ளைகளை அதன் எதிரே நிறுத்தி நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபின் கட்டிய கோட்டையில் ஒரு வாசல்தான் மிச்சம். அதற்கு மேலே செயின்ட் பால் குன்றுக்குப் படி ஏற வேண்டும், அம்மா கீழேயே இருக்கட்டும். மாலையில் காஜா பெராங் பக்கம் சிட்டி மக்களின் கிராமம். மலாய் பேசி, சைவ வழிபாட்டை விடாமல் வாழும் தமிழ் வழித்தோன்றல்கள் அவர்கள். அம்மாவுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் இரவு கோலசிலாங்கூர். மெலாவத்திக் குன்றின் மேலே போக டிராம் வண்டி இருக்கிறது, நடக்க வேண்டாம். இருட்டியபின் கம்போங் குவாந்தானில் மின்மினிப் படகு. மழை பெய்தால் ஏமாற்றம்தான், ஆண்டிறுதி என்பதால் சொல்கிறேன்.

நான்காம் நாள்தான் நீண்ட ஓட்டம். வழியில் தைப்பிங் அருகே கோலசெபெத்தாங்கில் இறங்குங்கள். முன்பு போர்ட் வெல்ட் என்று பெயர். நாட்டின் முதல் ரயில் 1885இல் அங்கிருந்து தைப்பிங்கிற்கு ஓடியது. நிலையம் போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது, அதில் தமிழும் உண்டு. பிறகு பினாங்கு மூன்று இரவு, அதில் ஒரு பகல் பூஜாங். ஏழாம் இரவு சிரம்பான். மறுநாள் மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லைக்கு வந்துவிடலாம்.

சாலைக்குப் பதில்: மலாக்கா வரை கரையோரம், பினாங்கிலிருந்து திரும்பும்போது விரைவுச்சாலை.

கடாரநேசன், 9:20
பூஜாங்கை ஒரு பகலில் அடக்குவது அநியாயம். ராஜேந்திர சோழன் வென்ற மண், சோழர் கட்டிய கோயில்கள். பூஜாங் அருங்காட்சியகம் இருக்கும் மெர்போக்கில் இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி, 9:31
வென்றது உண்மை. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது, வென்ற இடங்களின் வரிசை கடாரத்தில் முடிகிறது. ஆனால் கோயில்களைச் சோழர் கட்டினார்கள் என்பதற்கு அங்கே ஒரு கல்வெட்டும் இல்லை. அந்த வட்டாரம் சோழருக்கு மிக முந்தையது. புத்தகுப்தர் என்ற கப்பல் தலைவரின் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கிடைத்தது. பிள்ளைகளிடம் தவறாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

கடாரநேசன், 9:38
நம் வரலாற்றைக் குறைத்துப் பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே பழங்கோயிலைச் சண்டி என்பார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியின் அடித்தளத்தைப் பாருங்கள், நம் கோயில் அமைப்புத் தெரியும்.

ஏட்டுச்சுவடி, 9:50
கருவறையும் முன்மண்டபமும் இருப்பது உண்மை. மண்டபத்தில் வரிசையாகக் கிடக்கும் தூண் அடிக்கற்களையும் பாருங்கள். அவற்றின் மேல் நின்றவை மரத்தூண்கள், கூரையும் மக்கிப்போகும் பொருளாலானது. சோழர் கற்றளி, அதாவது கற்கோயில், அப்படி இருக்காது. உள்ளூர் மக்கள் தங்கள் முறையில் கட்டியது. இதில் நமக்கு என்ன குறைவு? கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதற்குச் சான்றாக லெய்டன் செப்பேடு இருக்கிறது. படையெடுப்புக்கு முன்னால் இரு கரைக்கும் அப்படி ஓர் உறவு இருந்தது. அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடாரநேசன், 9:57
2013இல் பதினொன்றாம் எண் சண்டியைக் கட்டுமானத்துக்காக இடித்தபோது இந்த நுணுக்கத்தை எல்லாம் யார் கேட்டார்கள்? நம்முடையது என்ற உரிமை உணர்வு இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

ஏட்டுச்சுவடி, 10:04
இடித்தது கொடுமை, அதில் உங்களோடு நிற்கிறேன். எல்லாருடையது என்று சொன்னாலும் காப்பாற்றலாம்.

மூத்த ஓட்டுநர், 10:10
வழி கேட்டவரை விட்டுவிட்டுச் சோழர் படையோடு போய்விட்டீர்கள். தம்பி, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். புதன் அல்லது வியாழனில் மெர்போக் போங்கள். அருங்காட்சியகத்துக்குப் பின்னே சண்டிக்கு ஏற்றம் இருக்கிறது, அம்மாவுக்குக் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் போகும்போது மட்டுமே கட்டணம். மெர்போக் போய்த் திரும்பும்போது மறுபடியும் எடுப்பார்கள், அட்டையில் மிச்சம் வையுங்கள்.

பறவைப்பார்வை, 10:22
இப்போதும் சொல்கிறேன், விமானம்.

புங்கோல்வாசி, 11:47
அம்மாவின் விசா பலமுறைக்கானதுதான், பார்த்துவிட்டேன். முதலில் பேசிய வாடகை நிறுவனம் மலேசியாவுக்குத் தராது. வேறிடத்தில் அனுமதிக் கடிதத்தோடு கிடைத்தது. மலாக்கா இரண்டு, கோலசிலாங்கூர் ஒன்று, பினாங்கு மூன்று, சிரம்பான் ஒன்று என்று பதிவு செய்துவிட்டேன். மெர்போக் வியாழன். எல்லாருக்கும் நன்றி.

ஜூரோங் கணக்கர், 11:55
நல்லது. திரும்பும்போது அம்மாவுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையும் வேண்டும். சிரம்பான் விடுதியில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள், எல்லையில் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் தட்ட வேண்டாம்.