ரோஜாவின் மணம்: மரபணு தொலைந்ததா, உறங்குகிறதா?

செடிப்பித்தன்:
பூங்கொத்துகளுக்காக விற்கப்படும் நீண்ட காம்புச் சிவப்பு ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மணமே இருப்பதில்லை. மாலையில் தொடுக்கும் பன்னீர் ரோஜாவோ தொலைவிலேயே மணக்கிறது. மணத்துக்குரிய மரபணு முன்னவற்றில் அழிந்துவிட்டதா, அல்லது இருந்தும் இயங்காமல் கிடக்கிறதா?

வேதிமணி:
ரோஜாவின் மணம் ஒரே மரபணுவின் வேலையன்று. ஜெரானியால் போன்ற மோனோடெர்பீன்கள் (எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள்) ஒரு வழியிலும், ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் 2-ஃபீனைல் எத்தனால் வேறொரு வழியிலும் உருவாகின்றன. முதல் வழியைப் பொறுத்தவரை தங்கள் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. மற்றத் தாவரங்களில் மோனோடெர்பீன்களைப் பொதுவாகக் கணிகங்கள் எனப்படும் செல்லின் உள்ளுறுப்புகளுக்குள் டெர்பீன் சிந்தேஸ் நொதிகள் ஆக்குகின்றன. ரோஜா இதழிலோ அந்தப் பொறுப்பு சைட்டோபிளாசத்திலுள்ள (கணிகங்களுக்கு வெளியேயுள்ள செல் திரவத்திலுள்ள) நுடெக்ஸ்-1 என்ற நொதியிடம் இருப்பதை 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சிதைந்த மூலக்கூறுகளை அப்புறப்படுத்தும் துப்புரவுப் பணிக்குப் பெயர்பெற்ற குடும்பத்திலிருந்து இப்படியொரு நொதி வந்தது எவரும் எதிர்பாராதது. அது ஜெரானில் டைபாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டுகிறது. எஞ்சியதை மற்றொரு நொதி நீக்கியதும் ஜெரானியால் கிடைக்கிறது. மணமுள்ள 'பாப்பா மெய்லான்' ரகத்தையும் மணமற்ற 'ரூஜ் மெய்லான்' ரகத்தையும் ஒப்பிட்டபோது, பின்னதில் இந்நொதிக்குரிய மரபணுவின் வெளிப்பாடு (அதாவது இயங்கும் அளவு) மிகக் குறைந்திருந்தது. ஆகவே உறக்கம் என்பதே பொருத்தமான விடை.

இரவுப்பூ:
மரபணுவை இயக்குவது எது என்பதைப் பெட்டூனியா என்ற பூச்செடியில் நன்றாகக் காணலாம். அங்கே ஓடோரன்ட்-1 என்ற மரபணு உருவாக்கும் புரதம், மணப்பொருள்களுக்கு மூலப்பொருள் வழங்கும் ஷிகிமேட் பாதை என்ற வேதிவினைத் தொடரின் பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதை அடக்கினால் மணம் பெரிதும் குறைகிறது. நிறமிகளும் அதே பாதையை நம்பியிருந்தாலும் நிறம் மாறுவதில்லை. நிறமும் மணமும் பூவின் வெவ்வேறு வளர்ச்சிக் கட்டங்களில் உருவாவதே காரணம். காலையில் மிகும் எல்எச்ஒய் என்ற உயிர்க்கடிகாரப் புரதம் ஓடோரன்ட்-1-ஐ அடக்கி வைக்கிறது. மாலையில் அது குறைந்ததும் மணம் எழுகிறது. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கு இதுவே ஏற்ற நேரம்.

செடிப்பித்தன்:
அவ்வாறாயின், ரோஜாவில் இத்தகைய தலைமை மரபணு ஒன்றைச் சேர்த்தால் மணம் கூடுமா?

வேதிமணி:
கூடியிருக்கிறது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் பாப்-1 என்ற மரபணுவை இஸ்ரேல் ஆய்வாளர்கள் ரோஜாவில் புகுத்தியபோது, ஃபீனைல் அலனின் வழி மணப்பொருள்களோடு டெர்பீன்களும் பெருகின. நிறமியாக்கத்தைத் தூண்டுவதாக அறியப்பட்ட மரபணு டெர்பீன்களையும் பெருக்கியதுதான் வியப்பு. ஆயினும், நுடெக்ஸ்-1 ஏறக்குறைய இயங்காத ரகத்தில் ஜெரானியால் மணத்தை எதிர்பார்ப்பவர், முதலில் அம்மரபணுவையே கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.