'வெயிட்' என்பதற்கு எடையா, நிறையா, ஈட்டெடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கருத்தாய்வுத் தரவில் ஒவ்வொருவர் பதிலையும் எத்தனை பேராக எண்ணுவது என்று காட்டும் எண்ணை ஆங்கிலத்தில் 'வெயிட்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன மடலில் கேட்டிருந்தேன். வந்த பதில்களை எல்லாம் படித்தேன், நன்றி. ஆனால் முடிச்சு இன்னும் அவிழவில்லை. பல நாட்டு மக்களிடம் அவர்கள் கருத்துகளைக் கேட்டு 1981 முதல் நடந்துவரும் உலக விழுமியங்கள் ஆய்வின் (World Values Survey) தரவை, கோப்பு எதையும் இறக்காமல் உலாவியிலேயே அலசிப் பார்க்கிற கருவி இருக்கிறதே, அதற்குத்தான் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சுற்று' (ஏழாவது சுற்று 2017 முதல் 2022 வரை நடந்தது), நாடு, கேள்வி, குறுக்கு அட்டவணை எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. 'வெயிட்' என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

'நிறை' போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 'நிறையிட்ட சராசரி' பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் பாடத்தில் நிறை என்றால் மாஸ், எடை என்றால் வெயிட். இலங்கைப் பாடநூலில் மாஸ் திணிவு, வெயிட்தான் நிறை. கையேடு இரண்டு பக்கமும் போகும். அதோடு, 'நிறை பதில்கள்' என்று அட்டவணையில் ஒரு நிரலுக்குத் தலைப்பு போட்டுக் காட்டினேன், பதில் நிறைய வந்திருக்கிறது போல என்றார் பார்த்தவர்.

'எடை' எனக்கே பிடித்த சொல். அதில் சிக்கல் வேறு மாதிரி. ஆளை எடை போடுவது என்றால் தமிழில் அவர் தரத்தை மதிப்பிடுவது. "இவர் பதிலுக்கு எடை 1.2" என்று எழுதினால், இவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்றுதான் புதிதாக வருகிறவர் எடுத்துக்கொள்வார். நடப்பது அது இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நாட்டில் 60 சதவீதம் கிராமத்தார், 40 சதவீதம் நகரத்தார். ஆய்வில் சிக்கியதோ 1200 பேரில் 600 பேர் கிராமம், 600 பேர் நகரம். கிராமத்தார் ஒவ்வொருவருக்கும் 1.2, நகரத்தாருக்கு 0.8 என்று வைத்தால் 720, 480 ஆகிவிடும்; மொத்தம் அதே 1200. இப்போது, பெரும்பாலானவர்களை நம்பலாமா, கவனமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற புகழ்பெற்ற கேள்விக்குக் கிராமத்தில் 50 சதவீதமும் நகரத்தில் 20 சதவீதமும் "நம்பலாம்" என்றார்கள் என்று வையுங்கள். சும்மா எண்ணினால் 35 சதவீதம், 1.2, 0.8 போட்டு எண்ணினால் 38. யாருடைய கருத்தையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. மாதிரியில், அதாவது ஆய்வுக்குச் சிக்கிய ஆட்களில், விழுந்த குறையை ஈடுகட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஈடுகட்டுவது! இந்த வினைச்சொல் கையிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. முதலில் 'ஈட்டெண்' என்று வைத்தேன், அது 'குறியீட்டெண்' (இண்டெக்ஸ்) என்பதன் வாலை வெட்டி ஒட்டியது போல இருந்தது. 'ஆளீடு' அழகாக இருக்கிறது, ஆனால் குடும்பங்களை எண்ணும் ஆய்வில் குடும்பத்துக்கும் வெயிட் உண்டு, அங்கே உதைக்கும். கடைசியில் 'ஈட்டெடை'. அட்டவணையில் 'ஈடுகட்டிய சதவீதம்', 'ஈடுகட்டாத சதவீதம்'. என்ன சொல்கிறீர்கள்?

---

மறுமொழி:

ஐயா, 'ஈடுகட்டிய' சரி, படித்ததும் புரிகிறது. 'ஈட்டெடை' வாயில் கொஞ்சம் இடறுகிறது. இன்னொன்று, ஈடு என்றால் அடமானம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? அப்புறம், பல நாடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது நாட்டுக்கு 1000 பேர் என்று சமப்படுத்தும் வெயிட் ஒன்று அதே தரவில் இருக்கிறது. அது எந்தக் குறையையும் ஈடுகட்டவில்லையே?

---

மறுமொழி:

அடமானம் பற்றிக் கவலை இல்லை, புள்ளிவிவர அட்டவணை நடுவில் யாரும் வட்டிக்கடையை நினைக்கப்போவதில்லை. 1000 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டேன். ஒரு நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் பேர், இன்னொரு நாட்டில் 3000-க்கும் மேல் என்றால் பெரிய மாதிரி சின்னதை அமுக்கிவிடாமல் இருக்க அது. அதை 'சமனெடை' என்று தனியாக வைக்கலாம். அப்படியானால் பொதுச்சொல்லாக 'எடை'யே இருக்கட்டும், ஈட்டெடையும் சமனெடையும் அதன் வகைகள். இடறுகிறது என்றீர்களே, 'ஈட்டு எடை' என்று பிரித்தே எழுதிவிடுகிறேன்.