மூன்று வயதுப் பிள்ளைக்கு மணிக்கட்டில் எலும்பே இல்லையாம்! வீட்டில் எழுதப் பழக்குகிற பெற்றோர் வரவும்

தாமரைக்குளம்
நேற்று எல்கேஜி சேர்க்கைத் திரியில் நெல்லைச்சீமை எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். “ஐந்து வயது முடியும்வரை குழந்தையின் மணிக்கட்டில் எலும்பே கிடையாது. வீட்டில் உட்காரவைத்துப் பென்சிலைத் திணிக்கும் அம்மாக்கள் குழந்தையின் கையைக் கெடுக்கிறார்கள்.” கூடவே வாட்சப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் அந்த எக்ஸ்ரே படம். ஒரு பக்கம் சின்னக் குழந்தையின் கை, இன்னொரு பக்கம் பெரிய பிள்ளையின் கை. அதற்கு எத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள்!

எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. பிள்ளையின் வளர்ச்சி வயதுக்குத் தகுந்தபடி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் இடது கையைத்தான் படம் எடுக்கச் சொல்வார்கள். மணிக்கட்டில் மொத்தம் 8 சிறு எலும்புகள். கேபிடேட், ஹாமேட் இரண்டும் பிறந்த சில மாதங்களிலேயே படத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று வயதை ஒட்டி இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக வந்து, ஆறேழு வயதில் ஏழு தெரியும். கடைசியான பிசிஃபார்முக்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னால், பையன்களுக்குக் கொஞ்சம் பின்னால். படத்தில் கறுப்பாகத் தெரிகிற இடம் காலி இடம் இல்லை. அங்கே குருத்தெலும்பு இருக்கிறது, எக்ஸ்ரேயில் அது விழாது, அவ்வளவுதான்.

என் மகளுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து எழுதுகிறாள். அவள் கை நன்றாகத்தான் இருக்கிறது. “எலும்பே கிடையாது” என்று எழுதியவர் வந்து திருத்திக்கொள்ளட்டும்.

நெல்லைச்சீமை
திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. எட்டில் மூன்றுதான் தெரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதி ஐந்து எங்கே? அதைத்தான் நானும் சொன்னேன். முழு மணிக்கட்டு இல்லாத பிள்ளையிடம் “அ”வுக்குச் சுழி சரியாக வரவில்லை என்று அதட்டுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். நானும் என் மகனுக்கு வீட்டில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டாணி உரிக்கிறான், சப்பாத்தி மாவு உருட்டுகிறான், துணி கிளிப்பைக் கொடியில் மாட்டுகிறான், புளியங்கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் போடுகிறான். விரலுக்குப் பலம் வந்த பிறகு பென்சில் தானாக வரும்.

தாமரைக்குளம்
பட்டாணியைப் பற்றி நான் கேட்கவில்லை. “எலும்பே கிடையாது” என்று சொன்னீர்களா, இல்லையா? மூன்று இருக்கிறதென்றால் “கிடையாது” பொய். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் தம்பி.

நெல்லைச்சீமை
என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

கொங்குமகள்
அக்கா சொல்வது சரி. எழுதப் பழக்குகிற அம்மாக்களைக் கொடுமைக்காரிகள் மாதிரி பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நாங்களாகவா பென்சிலைத் தூக்கினோம்? போன வருஷம் எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கு எல்கேஜி சேர்க்கைக்காகப் போனேன். பிள்ளையை மேசையில் உட்காரவைத்து ஏ முதல் இசட் வரை எழுதச் சொன்னார்கள். அவன் ‘எஃப்’ வரை எழுதிவிட்டு அழுதான். இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சேர்க்கையில் தேர்வு வைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?

கரிசல்காட்டுக்காரன்
அந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். எல்கேஜிக்கு அது எப்படிப் பொருந்தும்? சட்டம் பேசுகிறவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

கொங்குமகள்
தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தமிழ்நாட்டில் எல்கேஜியிலிருந்துதானே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்? அதற்கு மட்டும் சட்டம் பொருந்துமா? நீங்களும் படித்துவிட்டு வாருங்கள்.

கரிசல்காட்டுக்காரன்
அது தனிப் பிரிவு, 12. நான் கேட்டது வேறு. இந்த மாதிரிப் பள்ளிக்குப் பின்னால் ஏன் ஓடுகிறீர்கள்? பக்கத்தில் அங்கன்வாடி இல்லையா? 1975இல் தொடங்கிய திட்டம். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜியே கொண்டுவந்தார்கள். சத்துணவும் கிடைக்கும், பாட்டும் விளையாட்டும் கிடைக்கும். அங்கே அனுப்ப உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

கொங்குமகள்
என் பிள்ளை பால்வாடியில்தான் இரண்டு வயதில் உட்கார்ந்தான். என் கௌரவத்தை அளக்க நீங்கள் யார்? கேழ்வரகுக் கஞ்சித் திரியிலும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள். அன்றைக்குச் சும்மா விட்டேன், இன்றைக்கு விடமாட்டேன்.

ஓய்வுபெற்றவாத்தியார்
எல்லோருக்கும் வணக்கம். எலும்பையும் சட்டத்தையும் விடுங்கள். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் எதில் எழுதியது? மணலில், விரலால். பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நடந்த விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததைக் கண்டு அதையே தன் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. நம்மிடம் இருந்ததை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாம் மூன்று வயதில் நான்கு கோடு நோட்டு வாங்கிக் கொடுக்கிறோம். விஜயதசமியில் பச்சரிசியில் எழுத வைப்பதும் விரலால்தான். பெரியவர்கள் காரணம் இல்லாமலா செய்தார்கள்?

நெல்லைச்சீமை
வாத்தியார் ஐயா, இதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றி.

தாமரைக்குளம்
ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் விஜயதசமியில் இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்துத்தானே அரிசியில் எழுத வைக்கிறோம்? அந்தக் கையிலும் அதே மூன்று எலும்புதான். அப்போது மட்டும் கை கெடாதா? நெல்லைச்சீமையின் கணக்குப்படி பார்த்தால், பிசிஃபார்ம் வருகிற பத்து வயது வரை எந்தப் பிள்ளையும் எழுதக் கூடாது. நான்காம் வகுப்புப் பரீட்சையைப் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? எட்டு எலும்பும் தெரிகிறவரை காத்திருக்கலாமா?

நெல்லைச்சீமை
நான் பத்து வயது என்று சொல்லவே இல்லை. ஐந்து என்றேன்.

தாமரைக்குளம்
ஐந்தில் எத்தனை எலும்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம். அதிலும் எட்டு கிடையாது. ஐந்தரையில் குறைந்த எலும்போடு எழுதலாம், மூன்றரையில் குறைந்த எலும்போடு எழுதக் கூடாது என்றால், உங்கள் காரணம் எலும்பு இல்லை. வேறு ஏதோ காரணம் வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் எக்ஸ்ரே படத்தைக் காட்டி அம்மாக்களைப் பயமுறுத்துகிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஸ்கேன் சென்டருக்கே ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு எலும்பு வளரவில்லையா என்று கேட்டு அழுதார். காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அதிலும் எலும்பு இல்லை, குருத்தெலும்புதான், அதற்காகக் காது கேட்காமலா இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இந்த மாதிரி ஃபார்வேர்டு போடுகிறவர்களுக்கு அந்தக் கண்ணீர் தெரியாது.

சிங்கைவாசி
இங்கே சிங்கப்பூரில் ஏழு வயது நிறைகிற வருஷம்தான் தொடக்கநிலை ஒன்று. ஃபின்லாந்திலும் ஏழுதான். இந்தியாவில் மட்டும்தான் இந்த அவசரம்.

கரிசல்காட்டுக்காரன்
வந்துவிட்டார்கள் ஃபின்லாந்தைத் தூக்கிக்கொண்டு. சிங்கப்பூரில் ஏழு வயது வரை பிள்ளை மாவு பிசைந்துகொண்டா இருக்கிறது? கே1, கே2 என்று இரண்டு வருஷம், அதற்குமேல் டியூஷன். எங்களுக்கும் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சிங்கைவாசி
என் பிள்ளையை டியூஷன் அனுப்பவில்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

ஓய்வுபெற்றவாத்தியார்
மாண்டிசோரி அம்மையாரை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1939இல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை, கொடைக்கானலில் கொஞ்ச காலம் இருந்தார். அவர் முறையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவும். ஒலியைச் சொல்லிக்கொண்டே தடவும். அங்கும் விரல்தான் முதலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாமரைக்குளம்
அதே மாண்டிசோரியிடம் நான்கு வயதுப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. உலோக அச்சுக்குள் பென்சிலை ஓட்டிக் கோடு போடப் பழகியதும் அதே முறைதான். பாதியை மட்டும் சொன்னால் எப்படி? நானும் வீட்டில் எடுத்தவுடன் பென்சிலைக் கொடுக்கவில்லை. தாம்பாளத்தில் கோலமாவைப் பரப்பி “ட”, “ப”, “ம” என்று நேர்கோட்டு எழுத்துகளாகத் தொடங்கினேன். வளைவு எழுத்துகள் பிறகு. “இ”யும் “ஐ”யும் இன்னும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவள் கேட்டதால்தான் குட்டையான தடித்த பென்சில். கை வலித்தால் வைத்துவிடுவாள். இதில் எங்கே எலும்பு ஒடிந்தது?

நெல்லைச்சீமை
“ஒடிகிறது” என்று நான் எழுதவில்லை. “கெடுக்கிறார்கள்” என்றுதான் எழுதினேன். பார்த்தீர்களா, என் வாயில் வார்த்தையைத் திணிக்கிறீர்கள்.

தாமரைக்குளம்
“எலும்பே கிடையாது” என்பதும் நான் திணித்ததா?

கொங்குமகள்
பதில் வராது அக்கா. இவர்களுக்கெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வந்து பிள்ளையோடு உட்காருகிற அம்மாவைப் பார்த்தாலே எரிச்சல்.

நெல்லைச்சீமை
என் மனைவி வேலைக்குப் போகிறார், நான்தான் வீட்டில் பிள்ளையைப் பார்க்கிறேன். இதைப் பலமுறை இங்கே எழுதியிருக்கிறேன். அப்பா பிள்ளை வளர்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை அடிக்கிறீர்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ எடுத்துப் பாருங்கள். 3 வயதிலிருந்து 8 வயது வரை ஒரே நிலை, விளையாட்டு வழியாகக் கற்பது என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் எல்கேஜிக்கும் முன்னால் வீட்டுப்பாடம் வைக்கிறீர்கள்.

கரிசல்காட்டுக்காரன்
அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது தெரியுமா, தெரியாதா? மும்மொழியைக் கொண்டுவருகிற காகிதத்தை இங்கே கொண்டுவந்து காட்டாதீர்கள்.

நெல்லைச்சீமை
மொழியைப் பற்றி யார் பேசினார்கள்? விளையாட்டு என்ற ஒரு வரியைச் சொன்னேன்.

கரிசல்காட்டுக்காரன்
ஒரு வரி என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

தாமரைக்குளம்
கொள்கை, நீதிமன்றம், ஃபின்லாந்து எல்லாம் வந்துவிட்டது. எலும்புக்கு மட்டும் பதில் வரவில்லை. தானாகக் கேட்டு எழுதுகிற பிள்ளைக்குக் கோலமாவுத் தட்டு வைப்பது வீட்டுப்பாடம் ஆகாது. மறுபடி கேட்கிறேன். மூன்று வயதில் மணிக்கட்டில் எலும்பு உண்டா, இல்லையா? உண்டு என்றால் அந்தப் பதிவை நீக்குங்கள்.

நெல்லைச்சீமை
போதுமான எலும்பு இல்லை. பதிவு அப்படியே இருக்கும்.

புதியஅம்மா23
மன்னிக்கவும், நான் புதிது. என் பையனுக்கு நான்கு வயது. எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்கிறான். வலது கைக்கு மாற்றிவிடு என்று மாமியார் சொல்கிறார். எழுத ஆரம்பிக்கும் முன்னால் மாற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்றவாத்தியார்
சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் வலது கையே நல்லது, மகளே. தமிழ் எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது. இடது கையால் எழுதினால் எழுதியதைக் கையே மறைக்கும். இந்த வயதில் மென்மையாகச் சொன்னால் மாறிவிடுவான். என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை மாற்றியிருக்கிறேன்.

கொங்குமகள்
ஐயா, தயவுசெய்து இந்த அறிவுரையைக் கொடுக்காதீர்கள். என் அண்ணனை இப்படித்தான் ஸ்கேலால் அடித்து மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் என்றாலே நடுங்குவான். புதியஅம்மா, மாற்றவே வேண்டாம். பேப்பரைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுங்கள், கை மறைக்காது.

ஓய்வுபெற்றவாத்தியார்
நான் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. யாரோ அடித்ததற்கு என்னிடம் கோபப்படுகிறீர்கள்.

கொங்குமகள்
அடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாற்றினீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

தாமரைக்குளம்
புதியஅம்மா, கொங்குமகள் சொல்வதைக் கேளுங்கள், கையை மாற்றாதீர்கள். இரண்டு கையிலும் எலும்பு ஒரே வரிசையில்தான் வருகிறது, இடது கை ஒன்றும் குறைச்சல் இல்லை. நெல்லைச்சீமை, எட்டு எலும்பும் எந்தெந்த வயதில் தெரியும் என்ற அட்டவணையை நாளைக்கு டியூட்டி முடிந்ததும் இங்கே போடுகிறேன். அப்போதும் “போதுமான எலும்பு” என்று மழுப்பினால், எத்தனை எலும்பு போதும் என்று எண்ணைச் சொல்ல வேண்டும்.

நெல்லைச்சீமை
போடுங்கள். அதே எக்ஸ்ரே படத்தை நானும் மறுபடி போடுகிறேன். புதியஅம்மா, நான்கு வயதில் எந்தக் கையிலும் பென்சில் வேண்டாம். மாவு பிசையக் கொடுங்கள்.

கரிசல்காட்டுக்காரன்
மும்மொழிக்குப் பதில் சொல்லாமல் மாவு பிசையப் போய்விட்டார்.