வருமான வரியை உயர்த்தினால் செல்வக் குவிப்பு குறையுமா?

கேள்வி:
வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும் வளர்வீத வரி பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்தும், நிலமும் பங்குகளும் சில குடும்பங்களிடமே சேர்ந்துகொண்டு போகின்றன. நிகரச் செல்வத்தின் மீது, அதாவது கடன் போக எஞ்சும் சொத்தின் மீது, ஆண்டுதோறும் வரி விதிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அதை விதித்த நாடுகளே கைவிட்டுவிட்டன என்கிறார்கள் வேறு சிலர். அரசுகள் எதை முதலில் செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
வருமான ஏற்றத்தாழ்வும் செல்வ ஏற்றத்தாழ்வும் ஒன்றாகவே நகர்வதில்லை. சுவீடனில் வருமான இடைவெளி உலக அளவில் குறைவு. ஆனால் செல்வம் வெகுவாகக் குவிந்திருக்கிறது. ஒருவர் வைத்திருக்கும் பங்கின் மதிப்பு பல மடங்கு பெருகினாலும், விற்காத வரை பெரும்பாலான நாடுகளில் அதற்கு வரி இல்லை. அமெரிக்காவிலோ உரிமையாளர் இறந்ததும், வாரிசின் கணக்கில் அன்றைய சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கொள்ளப்படுவதால், அதுவரை சேர்ந்த ஆதாயத்தின் மீது மூலதன ஆதாய வரி ஒருபோதும் விழுவதில்லை. இந்த வழியை அடைப்பதும், பெரும் சொத்துகளுக்கு உறுதியான வாரிசுரிமை வரி விதிப்பதுமே முதலில் வர வேண்டும் என்பேன்.

மறுமொழி 2:
செல்வ வரியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் உறுப்பு நாடுகளில் 1990இல் 12 நாடுகள் அதை வசூலித்தன. 2017இல் நான்கு மட்டுமே எஞ்சின என்பது உண்மை. ஆனால் பல நாடுகளில் விலக்குகள் பெருகிப் பெரும் செல்வர்கள் தப்பினர், நடுத்தரச் சேமிப்பாளர்கள் சிக்கினர். பணமும் எளிதாக வெளிநாட்டுக்குப் போனது. அவ்வரி கைவிடப்பட இவை காரணங்களாயின. வெளிநாட்டுக் கணக்கு விவரங்களை பல நாடுகள் 2017 முதல், ஒவ்வொரு முறையும் கேட்காமலேயே பரிமாறிக்கொள்ளத் தொடங்கியபின், இந்தக் கடைசிக் காரணம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. விலக்குகள் குறைவாக உள்ள சுவிட்சர்லாந்தில் அவ்வரி இன்றும் கணிசமான வருவாயைத் தருகிறது.

மறுமொழி 3:
இருவரும் மேல்தட்டிலிருந்து எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுத்தது எங்கே போகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பிரேசிலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் 'போல்சா ஃபமிலியா' திட்டம் 2003இல் தொடங்கியது. அதன்பின் அங்கே வருமான இடைவெளி குறைந்ததில் அதற்குப் பங்குண்டு. எனினும் குறைந்தபட்ச ஊதிய உயர்வும் உழைப்பு வருமானமும் ஆற்றிய பங்கு அதைவிடப் பெரிது. ஆகவே ஊதியமும் தொழிற்சங்க உரிமையும் இந்த விவாதத்தின் ஓரத்தில் இருக்கக் கூடாது. முதல் மறுமொழியாளர் சொன்ன வாரிசுரிமை வரியை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் வருவாய் சொத்தே இல்லாத இளைஞர்களின் கல்விக்கும் வீட்டுக்கும் போகும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்றும் கேட்பேன்.