அம்மாவின் சுவாசப்பை நாடி அமுக்கம்: எக்கோ மட்டும் போதாதா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 62 வயது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார். எக்கோ (இதயத்தின் ஒலியலை ஸ்கான்) அறிக்கையில், இதயத்திலிருந்து சுவாசப்பைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சுவாசப்பை நாடியின் அமுக்கம் 57 mmHg என்று உள்ளது. கொழும்புக்குப் போய், இதயத்தின் வலப்பக்கத்துக்குள் கதீற்றர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அளக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் 96 காட்டும்போது இது அவசியந்தானா?

உவர்மலை (எக்கோ பிரிவில் வேலை):
சகோதரி, எக்கோ அந்த அமுக்கத்தை நேரடியாக அளப்பதில்லை. இதயத்தின் வலப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள முக்கூர் வால்வினூடாகப் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தை டொப்ளரில் பிடித்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, வலது சோணையறையின் (மேலறையின்) உத்தேச அமுக்கத்தையும் கூட்டுகிறோம். வேகம் செக்கனுக்கு 3.5 மீற்றர் என்றால் 49; அதனுடன் 8ஐக் கூட்டினால் உங்கள் 57 வந்துவிடும். கருவியைச் சற்றுச் சாய்வாகப் பிடித்தாலே வேகம் குறைந்து தெரியும்.

கதீற்றரோ நாடிக்குள்ளேயே போய் அளக்கிறது. நுனியிலுள்ள சிறு பலூன் ஒரு கிளையை அடைக்கும்போது, அதற்கு அப்பாலுள்ள இடது இதயத்தின் அமுக்கம் வெளியிலுள்ள உணரியில் பதிவாகும். நாடியின் சராசரி 37, அடைப்பு அமுக்கம் 13, இதயம் நிமிடத்துக்கு 4 லீற்றர் அனுப்புகிறது என்றால், அமுக்க வித்தியாசத்தை (24) இந்த ஓட்டத்தால் வகுக்க, சுவாசப்பைக் குழாய்களின் தடை 6 வூட் அலகு (இத்தடையை அளக்கும் அலகு) என்று கிடைக்கும். 2க்கு மேற்பட்டாலே அசாதாரணம். ஆகவே அந்த இரத்தக் குழாய்கள் பழுதடைந்துள்ளன. இன்னொரு நோயாளிக்கு அதே 37 இருக்க, அடைப்பு அமுக்கம் 27, ஓட்டம் 5 லீற்றர் என்றால் தடை 2 மட்டுமே. கோளாறு இடது இதயத்தில். எக்கோவில் இருவரும் ஒன்றுபோலத் தோன்றலாம், ஆனால் ஒருவருக்கு நன்மை செய்யும் மருந்து மற்றவருக்குத் தீங்காகலாம். (1929இல் வேர்னர் போர்ஸ்மன் என்ற ஜேர்மன் வைத்தியர் தம் கை நாளத்தினூடாகத் தாமே கதீற்றரைச் செலுத்திக் காட்டினார். இன்று அப்படிப்பட்ட துணிச்சல் தேவையில்லை!)

வாசகர், நிலாவெளி:
ஒக்சிமீற்றர் இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் செறிவை மட்டுமே சொல்லும். குழாய்களின் நிலை அதற்குத் தெரியாது. சுவாசப்பையில் குழாய்கள் ஏராளமாக இருப்பதால், ஒரு பகுதி கெட்டாலும் ஓய்வில் 96 வரலாம். ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அம்மாவுக்கு முன்பு காலில் இரத்தக்கட்டி ஏற்பட்டதா? கரையாத பழைய கட்டிகளும் இந்த அமுக்கத்தை உயர்த்தும். காற்றோட்டத்தையும் இரத்தவோட்டத்தையும் ஒப்பிடும் ஸ்கான் அதைக் காட்டும். அந்த வகையைச் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் சீராக்கலாம் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

உப்புவெளி மகள்:
நன்றி ஐயா. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் இடது கால் வீங்கி, சில மாதங்கள் வாபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) குடித்தவர். இதய கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தப் பழைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.