‘ரெட் ஒன்’ படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சகோதர சகோதரிகளே, ஒரு யோசனை சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் 2024இல் வந்த ‘ரெட் ஒன்’ பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மகனுக்கு 13 வயது, சின்னவளுக்கு 8. படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் பிஜி-13, அதாவது 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சான்றிதழ். காரணம் அடிதடியும் கெட்ட வார்த்தைப் பேச்சும்.

அடிதடி சரி, கடத்தப்பட்ட சாண்டாவை மீட்கும் கதைதானே. என்னை உறுத்துவது வேறு. கடத்துகிறவள் ஒரு சூனியக்காரி. அப்புறம் கொம்பு வைத்த கிராம்பஸ் என்ற பாத்திரம், பார்ப்பதற்குப் பிசாசு போலவே இருப்பான். சின்னவள் ராத்திரி தூங்க மாட்டாள். ஆனால் மகனைக் கவனிக்காத ஒரு அப்பா மனம் திரும்புவதும் இதில் உண்டு. அதைப் பற்றி மகனோடு உட்கார்ந்து பேச எனக்கு மிகவும் ஆசை.

பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கிராம்பஸ் காட்சிகளைத் தாண்டிவிட்டால் கதை புரியுமா? இல்லை, மகனுடன் மட்டும் பார்ப்பது நல்லதா?